சொந்தக் கடனை அடைப்பதா, பிள்ளையின் பல்கலைக்கழகச் செலவைக் கட்டுவதா: நான்கு வழிகளின் ஒப்பீடு

ஐம்பது வயதை ஒட்டிய பெற்றோருக்குச் சொந்தக் கடன் இன்னும் தீராமல் இருக்கும்போதே பிள்ளையும் பல்கலைக்கழகத்தில் சேர்ந்துவிட்டால், மாதக் கடைசியில் மிஞ்சும் தொகைக்கு இரண்டு பேர் கை நீட்டுகிறார்கள். ஒருவர் கடன் கொடுத்தவர். மற்றவர் பெற்ற பிள்ளை. யாருக்கு முதலில் கொடுப்பது என்று உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்க்கும் வீடுகள் குறைவு. கட்டணத்துக்குக் கெடு தேதி உண்டு. தவறினால் தேர்வு எழுத விடமாட்டார்களோ என்ற பயமும் உண்டு. கடன் அட்டைக்கோ, 'குறைந்தபட்சத் தொகை' கட்டினால் இந்த மாதம் சமாளித்துவிடலாம் என்று அறிக்கையிலேயே ஒரு வழி அச்சிடப்பட்டிருக்கிறது. ஆகவே கட்டணம் முழுமையாகவும் கடன் பேருக்கும் கட்டப்படுகின்றன. என் மூத்த மகன் படிக்கத் தொடங்கியபோது நானும் அதைத்தான் செய்தேன். அதில் என்ன தவறு என்று எனக்குப் புரிய 14 மாதங்கள் ஆயின.

இத்தகைய வீட்டின் முன்னே இருக்கும் வழிகளை நான்காகப் பிரிக்கலாம். வருமானத்திலிருந்தே கட்டணத்தைக் கட்டிக்கொண்டு, பழைய கடன்களுக்குக் குறைந்தபட்சத் தொகையை மட்டும் செலுத்திவருவது முதல் வழி. பிள்ளையின் பெயரில் கல்விக் கடன் எடுத்துக் கட்டணத்தைச் சமாளித்து, பெற்றோர் தம் பணத்தை அதிக வட்டிக் கடன்களின் பக்கம் திருப்புவது இரண்டாவது. வீட்டையோ வேறு சொத்தையோ அடமானம் வைத்து ஒரே பெரிய கடன் வாங்கி, பழைய பாக்கிகளையும் கட்டணத்தையும் அதிலேயே முடிப்பது மூன்றாவது. ஓய்வுக்காலச் சேமிப்பில் கைவைப்பது நான்காவது. உண்மையில் பல வீடுகளில் இவை ஒன்றோடொன்று கலந்தே நடக்கின்றன என்றாலும், பிரித்து வைத்துப் பார்த்தால்தான் எதற்கு நாம் எவ்வளவு விலை கொடுக்கிறோம் என்பது கண்ணுக்குத் தெரியும்.

எங்கள் வீட்டுக் கணக்கையே, புரிந்துகொள்ள எளிதான எண்களாக மாற்றிச் சொல்கிறேன். வீட்டுச் செலவும் வீட்டுக் கடன் தவணையும் போக மாதம் 25,000 மிஞ்சியது. மகனின் கட்டணம், விடுதி, புத்தகம் எல்லாவற்றையும் மாதத்துக்குப் பகிர்ந்தால் 20,000. கடன் அட்டையில் 1,50,000 பாக்கி இருந்தது. வட்டி மாதத்துக்கு 3 விழுக்காடு. எஞ்சிய 5,000-ஐ ஒரு மாதம்கூடத் தவறாமல் அட்டைக்குக் கட்டிவந்தேன். அட்டையில் புதிதாக ஒன்றும் வாங்கவும் இல்லை. ஓர் இரவு சாப்பாட்டு மேசையில் கிடந்த அறிக்கையை, விடுமுறைக்கு வந்திருந்த மகன் எடுத்துப் பார்த்தான்.

"அப்பா, பாக்கி 1,41,457-னு போட்டிருக்கு. மொதல்ல எவ்வளவு இருந்துச்சு?" என்றான்.

சொன்னேன். எத்தனை மாதமாகக் கட்டுகிறேன் என்று கேட்டான், அதையும் சொன்னேன். கைப்பேசியில் கணக்குப் போட்டவன், "எழுபதாயிரம் கட்டி எட்டாயிரத்து ஐந்நூறுதான் கொறஞ்சிருக்கா?" என்று கேட்டுவிட்டு, அறிக்கையைக் கவிழ்த்து வைத்தான். அவன் பொருளியல் படிப்பவன் அல்லன். அதற்குப் பொருளியல் தேவைப்படவும் இல்லை.

நடந்தது இவ்வளவுதான். 1,50,000-க்கு ஒரு மாத வட்டி 4,500. நான் கட்டிய 5,000-இல் அந்த 4,500 வட்டிக்குப் போக, அசலில் கழிந்தது 500 மட்டும். அதே நடையில் நான்கு ஆண்டுப் படிப்பு முடியும்வரை சென்றிருந்தால், 48 மாதங்களில் மொத்தம் 2,40,000 கட்டியிருப்பேன்; அதற்குப் பின்னும் ஏறத்தாழ 97,800 பாக்கி நின்றிருக்கும். வருமானத்திலிருந்து கட்டணம் கட்டுவதாகவும், அதனால் பிள்ளைக்காகக் கடன் வாங்காத பெற்றோராகவும் என்னை நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் அந்த 20,000 அட்டைக்குப் போயிருந்தால் நின்றுபோயிருக்கக்கூடிய வட்டியே, கட்டணத்தின் பேரில் நான் மாதாமாதம் கொடுத்துவந்த வட்டி. வட்டிக்கு வட்டி சேர்த்தால் அது ஆண்டுக்கு 42 விழுக்காட்டைத் தாண்டும். அந்த வட்டிக்குக் கல்விக் கடன் தருகிறேன் என்று யாராவது வந்திருந்தால் வாசலோடு திருப்பி அனுப்பியிருப்பேன். வாசலுக்கு வராமலேயே அதை எடுத்துக்கொண்டிருந்தேன் என்பதுதான் வேடிக்கை.

இப்போது அதே வருமானத்தையும் அதே செலவையும் இரண்டாவது வழியில் ஓட்டிப் பார்க்கலாம். முதல் மாதத்திலிருந்தே 25,000-ஐயும் அட்டைக்குக் கட்டினால், பாக்கி ஏழாவது மாதத்தில் தீர்ந்துவிடுகிறது. மொத்த வட்டி சுமார் 18,000. அந்த ஏழு மாதங்களுக்கான கல்விச் செலவான 1,40,000-ஐ ஆண்டுக்கு 11 விழுக்காட்டில் கல்விக் கடனாக, மாதாமாதம் எடுப்பதாகக் கொள்வோம். எட்டாவது மாதம் முதல் அட்டை என்ற ஒன்று கிடையாது. 20,000 கல்விக்கும் 5,000 அந்தக் கல்விக் கடனுக்கும் போகின்றன. 39-ஆவது மாதத்தில் கல்விக் கடனும் முடிந்துவிடுகிறது. இரண்டு கடன்களுக்குமாகக் கட்டிய வட்டி 45,000 அளவில் நிற்கிறது. முதல் வழியில் வட்டியாக மட்டும் போவது 1,87,000-க்கும் மேல். அதன் பிறகும் பாக்கி தீரவில்லை. சம்பளம் ஒரு காசு கூடவில்லை, பிள்ளைக்கான செலவில் ஒரு காசு குறையவில்லை. மாறியது வரிசை மட்டுமே.

இந்தக் கணக்கில் ஒரு குறை உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். மிஞ்சும் பணம் முழுவதையும் அட்டைக்குக் கொட்டிவிட்டால், நடுவில் ஒரு மருத்துவச் செலவோ வண்டிப் பழுதோ வரும்போது மீண்டும் அட்டையைத்தான் தேய்க்க வேண்டியிருக்கும். ஆகவே 20,000-ஐ மட்டும் அட்டைக்குக் கட்டி, 5,000-ஐத் தனிக் கணக்கில் ஒதுக்கிவைப்பது நல்லது. அப்போது ஏழு மாதம் ஒன்பது மாதமாகும். அந்த இரண்டு மாத நீட்சிக்குக் கொடுக்கும் வட்டியைக் காப்பீட்டுக்குக் கட்டும் தொகையைப்போல எடுத்துக்கொள்ளலாம்.

ஆனால் இரண்டாவது வழி எல்லாக் கடனுக்கும் பொருந்தும் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. அதன் பலன் முழுவதும் வட்டி விகிதங்களுக்கு இடையிலான இடைவெளியிலிருந்து வருகிறது. நான் பின்னர் கடைப்பிடித்த முறை இது: பிள்ளைக்குக் கிடைக்கக்கூடிய கல்விக் கடனின் வட்டி விகிதத்தை ஒரு தாளின் நடுவில் கோடாகப் போட்டு, நம் கடன்களில் அதைவிட அதிக வட்டி உள்ளவற்றைக் கோட்டுக்கு மேலும், குறைந்த வட்டி உள்ளவற்றைக் கீழும் எழுத வேண்டும். கோட்டுக்கு மேலே இருப்பவற்றை அடைக்கக் கல்விக் கடன் எடுப்பதில் பொருள் உண்டு. கீழே இருப்பவற்றை, பெரும்பாலும் வீட்டுக் கடன் அங்கேதான் வந்து நிற்கும், வழக்கமான தவணையோடு விட்டுவிட்டு, மிஞ்சும் பணத்தை நேரே கட்டணத்துக்குக் கட்டலாம். 9 விழுக்காட்டு வீட்டுக் கடனை முன்கூட்டியே அடைத்துவிட்டு 11 விழுக்காட்டுக்குக் கல்விக் கடன் வாங்குகிறவர், கடனற்ற வீடு என்ற மனநிறைவுக்காக ஆண்டுதோறும் 2 விழுக்காடு கூடுதலாகக் கொடுக்கிறார். கோட்டை ஒட்டி நிற்கும் கடன்கள்தான் சிக்கலானவை. 14 விழுக்காட்டுத் தனிநபர் கடனுக்கும் 11 விழுக்காட்டுக் கல்விக் கடனுக்கும் இடையே 1,00,000-க்கு ஆண்டுக்கு 3,000 அளவே வேறுபாடு. தனிநபர் கடனை முன்கூட்டி முடிப்பதற்கும், புதுக் கடன் எடுப்பதற்கும் கட்டணம் இருந்தால் அந்த 3,000 அதிலேயே கரைந்துபோகும். அங்கே அசையாமல் இருப்பதே மேல்.

கோட்டுக்கு மேலே ஒன்றுக்கு மேற்பட்ட கடன்கள் இருந்தால், அதிக வட்டி உள்ளதை முதலில் அடைப்பதே கணக்குப்படி சரி. சிறிய பாக்கியை முதலில் முடித்தால் மனத்துக்குத் தெம்பு வரும் என்பாரும் உண்டு. வட்டியில் பெரிய வேறுபாடு இல்லாதபோது அப்படிச் செய்வதில் தீங்கில்லை. உறவினரிடம் வாங்கிய கைமாற்று மட்டும் இந்தத் தாளில் அடங்காது. அதற்கு வட்டி இல்லை, ஆகவே கணக்கு அதைக் கடைசியில் தள்ளச் சொல்லும். ஆனால் கொடுத்தவரை அடுத்த கல்யாண வீட்டில் நேருக்கு நேர் பார்க்க வேண்டியிருக்கும். நான் அதை முதலில் கொடுத்துவிட்டேன், அதற்காக வருந்தவும் இல்லை.

கல்விக் கடன் யார் பெயரில் இருக்க வேண்டும் என்பது வட்டி விகிதத்துக்கு அடுத்து எடைபோட வேண்டிய செய்தி. பல பெற்றோர் இங்கேதான் தடுமாறுகிறார்கள். 'படிக்கிற பிள்ளையின் தலையில் கடனைக் கட்டுவதா' என்ற எண்ணம் தொண்டையை அடைக்கிறது. அந்த உணர்வை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் இருபது வயதுப் பிள்ளைக்கு உழைத்துச் சம்பாதிக்க நாற்பது ஆண்டுகள் இருக்கின்றன, ஐம்பது வயதுப் பெற்றோருக்குப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளே இருக்கின்றன. ஒரே தொகை இந்த இருவர் தோளில் ஒரே கனமாக இராது. பெற்றோர் முதுமையில் கையில் ஒன்றுமில்லாமல் நின்றால், அந்தச் சுமையும் சுற்றிச் சுற்றிப் பிள்ளையிடமே வந்து சேரும். அப்போது அதற்குத் தவணை அட்டவணை எதுவும் இராது.

பிள்ளையின் பெயரில் எடுப்பது என்றால் பெற்றோர் விலகிக்கொள்வது என்று பொருளல்ல. பல இடங்களில் கடன் கொடுப்பவர்கள் பெற்றோரை இணைக் கடனாளியாகவோ பிணையாளராகவோ கையெழுத்திடச் சொல்கிறார்கள்; கையெழுத்திட்டுவிட்டால், பிள்ளை கட்டத் தவறும்போது கடன் நம் வாசலுக்கு வரும், நம் கடன் வரலாற்றிலும் பதியும். 'சும்மா ஒரு கையெழுத்து' என்று எவரேனும் சொன்னால் அதை நம்ப வேண்டாம். அதோடு, படிக்கும் காலத்தில் தவணை கட்ட வேண்டியதில்லை என்ற சலுகை இருந்தாலும், அக்காலத்தில் வட்டி ஓடாமல் நிற்கும் என்று அதற்குப் பொருளில்லை. ஆண்டுத் தொடக்கத்தில் 1,00,000 வீதம் நான்கு ஆண்டுகளுக்கு, 10 விழுக்காட்டில் கடன் எடுத்து, வட்டியை ஆண்டுதோறும் அசலோடு சேர்த்துக்கொண்டே போனால், படிப்பு முடியும் நாளில் 4,00,000 என்பது 5,10,500 ஆகியிருக்கும்.

பெற்றோர் தோள் கொடுக்க வேண்டிய இடம் அதுதான் என்பது என் கருத்து. அந்த வட்டியை மட்டும் பெற்றோர் அவ்வப்போது கட்டிவந்தால், முதல் ஆண்டில் 10,000, அடுத்து 20,000, பிறகு 30,000, கடைசியில் 40,000 என்று நான்கு ஆண்டுகளில் 1,00,000 செலவாகும். மிச்சமாவது வட்டிக்கு வட்டியான 10,500 மட்டுமே என்பதால் இதைப் பெரிய இலாபம் என்று சொல்ல முடியாது. ஆனால் வேலையில் சேரும் பிள்ளை 5,10,500-க்குப் பதிலாக 4,00,000-இலிருந்து தொடங்குகிறது. பெற்றோரின் உதவி அளவுக்கு உட்பட்டதாகவும், முன்கூட்டியே தெரிந்ததாகவும் இருக்கிறது. மாதம் 20,000-ஐத் திணறித் திணறிக் கட்டுவதோடு ஒப்பிட்டால், இந்தத் தொகை கண்ணில் உறுத்தாது.

மூன்றாவது வழியான அடமானக் கடன், விளம்பரத்தில் பார்க்கும்போது மிக அழகானது: பல கடன்களுக்குப் பதில் ஒரே கடன், குறைந்த வட்டி, சிறிய தவணை. அந்தச் சிறிய தவணையில்தான் பொறி இருக்கிறது. எங்கள் 1,50,000-ஐ 9 விழுக்காட்டில் 15 ஆண்டுக் கடனாக மாற்றியிருந்தால், தவணை மாதம் 1,521 மட்டுமே. ஆனால் 15 ஆண்டுகளில் கட்டும் வட்டி சுமார் 1,23,850. ஏழு மாதங்களில் முடித்த 36 விழுக்காட்டு (மாதத்துக்கு 3 வீதம், வட்டிக்கு வட்டி சேர்க்காமல்) அட்டைக் கடனுக்கு 18,000 வட்டி, 15 ஆண்டுகள் இழுத்த 9 விழுக்காட்டுக் கடனுக்கு அதைப்போல ஏறத்தாழ ஏழு மடங்கு. வட்டி விகிதத்தைப் பார்த்து மகிழ்கிறவர்கள் காலத்தைப் பார்க்க மறந்துவிடுகிறார்கள். அதே 9 விழுக்காட்டுக் கடனுக்குப் பழையபடி மாதம் 5,000 கட்டினால் மூன்று ஆண்டுகளுக்குள் முடிந்துவிடும், வட்டியும் 20,500 அளவில் நின்றுவிடும். ஆகவே கடன்களை ஒன்றாக்குவது தவறில்லை. தவணையைக் குறைத்துக்கொள்வதே தவறு.

அதைவிட எனக்கு அச்சம் தருவது வேறொன்று. கடன் அட்டைப் பாக்கிக்கு ஈடாக எந்தச் சொத்தும் நிற்பதில்லை. கட்டத் தவறினால் தொல்லை உண்டு, கடன் வரலாறு கெடும், வழக்குவரை போகலாம். அதையே அடமானக் கடனாக மாற்றும் கணத்தில், பழைய உணவக ரசீதுகளுக்கும் வாங்கி மறந்த பொருள்களுக்கும் நாம் குடியிருக்கும் வீட்டை ஈடாக வைத்துவிடுகிறோம். போதாக்குறைக்கு, காலியான அட்டை பையிலேயே இருக்கிறது. ஒன்றாக்கிய பிறகு அதை மூடாமலோ வரம்பைக் குறைக்காமலோ விட்டவர்கள் சிலரை நான் அறிவேன்; இரண்டாம் ஆண்டுக் கட்டணம் வரும்போது அவர்களிடம் அடமானக் கடனும் இருந்தது, அட்டைப் பாக்கியும் இருந்தது. சில காலத்துக்கு வட்டியில்லாமல் பாக்கியை வேறோர் அட்டைக்கு மாற்றித் தரும் சலுகைக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்: மாற்றும் கட்டணம் எவ்வளவு, சலுகை எந்தத் தேதியில் முடிகிறது என்ற இரண்டும் தெரியாமல் அதைத் தொட வேண்டாம்.

நான்காவது வழியைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். 8 விழுக்காடு வளரும் சேமிப்பிலிருந்து ஐம்பது வயதில் 5,00,000 எடுத்தால், அறுபது வயதில் இருந்திருக்க வேண்டிய 10,79,000 இராது. கட்டணத்துக்காக அதை எடுப்பதை நான் ஒப்பமாட்டேன். படிப்புக்கு வேறு கடன் கிடைக்கும்போது அதற்குத் தேவையில்லை. ஆனால் 36 விழுக்காட்டு அட்டைப் பாக்கியை அடைக்க ஒரு சிறு பகுதியை எடுப்பது, எடுப்பதற்கான வரியும் அபராதமும் குறைவாக இருந்தால், கணக்குப்படி இலாபமே. 8 விழுக்காடு சம்பாதிக்கும் பணம் ஒரு பக்கம் இருக்க, மறுபக்கம் 36 விழுக்காடு கொடுத்துக்கொண்டிருப்பதைச் சிக்கனம் என்று சொல்ல முடியாது. ஒரு முறைதான், அட்டை மீண்டும் நிரம்பாது என்ற உறுதி இருந்தால் மட்டும்.

முதல் வழி சரியாக அமையும் சூழலும் இல்லாமல் இல்லை. படிப்பு முடிய ஒரே ஒரு பருவம் மிஞ்சியிருக்கும்போது புதிதாகக் கல்விக் கடனுக்கு அலைவதில் பயனில்லை. கட்டிவிட்டு, பிறகு முழு மூச்சோடு அட்டையின் பக்கம் திரும்பலாம். பிள்ளை சேர்ந்திருக்கும் படிப்புக்கோ நிறுவனத்துக்கோ நியாயமான வட்டியில் கடன் கிடைக்கவில்லை என்றாலும் வேறு வழியில்லை. ஆனால் கடன் கிடைக்காததற்குக் காரணம் என்ன என்று ஒரு முறை கேட்டுப் பார்ப்பது நல்லது; படித்து முடித்தவர்களுக்கு வேலை கிடைக்காத படிப்பு என்பதால் மறுக்கப்பட்டிருந்தால், அந்தத் தகவல் கட்டணத்தைவிட விலை மதிப்புள்ளது. மேலும், தவணைகளே ஏற்கெனவே தவறிப்போயிருக்கும் வீட்டுக்கு இந்த ஒப்பீடு எதுவும் பொருந்தாது. அவர்கள் முதலில் கடன் கொடுத்தவர்களிடம் சென்று, கட்டக்கூடிய அளவுக்குத் தவணையை மாற்றி அமைத்துத் தரும்படி கேட்க வேண்டும்.

எந்த வழியைத் தேர்ந்தாலும், வளர்ந்த பிள்ளைக்குத் தெரியாமல் அதைச் செய்ய முடியாது என்பதை அந்த இரவு சாப்பாட்டு மேசையில் கற்றுக்கொண்டேன். மகள் பல்கலைக்கழகத்தில் சேரும் முன், நானும் என் மனைவியும் அவளை உட்காரவைத்து, வீட்டின் வரவு, கடன்கள், வட்டி விகிதங்கள் எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதிக் காட்டினோம். நாங்கள் மாதம் எவ்வளவு தருவோம், எந்த மாதம்வரை தருவோம், ஓர் ஆண்டு தவறிப்போனால் அந்த ஆண்டுச் செலவை யார் ஏற்பது என்பதையும் எழுதினோம். அவள் அழுவாள் என்று எதிர்பார்த்திருந்தேன். "விடுதிக்குப் பதிலா ரெண்டு பேரோட சேர்ந்து அறை எடுத்தா எவ்வளவு கொறையும்?" என்றுதான் கேட்டாள். அண்ணனுக்கு முழுதாகக் கட்டினீர்களே, எனக்கு மட்டும் ஏன் கடன் என்ற கேள்வி இரண்டு நாள் கழித்து வந்தது. நியாயமான கேள்வி. அண்ணனுக்குக் கட்டிய அந்த 14 மாதக் கணக்கை அவனே அவளிடம் விளக்கினான். அட்டைப் பாக்கி தீரும்வரை அவனுக்கும் பிறகு கல்விக் கடன்தான் எடுத்தோம் என்பதையும் அவனே சொன்னான்.

இப்போது அவள் இரண்டாம் ஆண்டு. அவளுடைய கடனில் 2,00,000 எடுத்தாயிற்று. அதன் வட்டி 1,667 ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதி என் கணக்கிலிருந்து போகிறது, கடன் அறிக்கை அவளுடைய மின்னஞ்சலுக்கு வருகிறது. வந்த அன்றே அசல் கூடியிருக்கிறதா என்று பார்த்து எனக்கு ஒரு வரி அனுப்புகிறாள்.